கருவி கத்தாவிட்டால் துளை போடலாமா?

சுவருக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லும் கையடக்கக் கருவி போடிக்கும் வந்துவிட்டது. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மகன் வாங்கி வந்திருப்பான். இல்லையென்றால் ஆன்லைனில் ஆயிரத்துச் சொச்சத்துக்கு வரவழைத்திருப்பார்கள். வேலைக்குக் கூப்பிடும் வீடுகளில் இப்போதெல்லாம் டீக்கு முன்னால் அதை எடுத்து நீட்டுகிறார்கள். "தம்பி, மிஷின் வச்சுப் பாத்தாச்சு. ஒண்ணும் கத்தல. தைரியமா ஓட்டை போடுங்க."

அந்தத் தைரியம்தான் எனக்கு ஆகாது.

கருவியோடு எனக்குப் பகை எதுவும் இல்லை. என் பையிலும் ஒன்று கிடக்கிறது. அது கத்தினால் நம்புகிறேன். கத்தாமல் இருந்தால் நம்புவதில்லை. கீழே போடி நகரத்திலும், மேலே ஏலத்தோட்டங்களிலும் முப்பது வருடத்துக்கு மேலாக வயரிங் வேலை பார்க்கிறவன் நான். அந்த உரிமையில் சொல்கிறேன்: நம் வீட்டுச் சுவருக்கு முதலில் வேண்டியது இந்தக் கருவி அல்ல. பூச்சு வேலைக்கு முன்னால் எடுத்து வைக்கும் நாலு போட்டோ.

கருவி பிறந்த இடம் அமெரிக்கா. அங்கே பெரும்பாலான வீடுகளுக்குச் செங்கல் சுவர் கிடையாது. மரச்சட்டங்களைப் பதினாறு அங்குலத்துக்கு ஒன்றாக நிறுத்தி, மேலே ஜிப்சம் பலகையை அடித்துவிடுவார்கள். உள்ளே வெறும் பொந்து. பலகையில் மட்டும் கனமான அலமாரியை மாட்டினால் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். பின்னால் நிற்கும் சட்டத்தில் ஸ்க்ரூ ஏற வேண்டும். அந்தச் சட்டம் எங்கே நிற்கிறது என்பதைச் சுவரைத் தட்டிப் பார்த்தும், பலகையை அடித்த ஆணியைக் காந்தம் வைத்துத் தேடியும் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். ராபர்ட் ஃபிராங்க்ளின் என்பவர் இதை மின்னணு முறையில் செய்யும் கருவிக்கு 1978இல் காப்புரிமை பெற்றார். சிர்கான் என்ற கலிபோர்னியா நிறுவனம் அதைக் கடைக்குக் கொண்டுவந்தது. பலகைக்குப் பின்னால் காற்று இருக்கும் இடத்துக்கும் கட்டை இருக்கும் இடத்துக்கும் மின்தேக்கத் திறன் வேறுபடும். அந்த வேறுபாடு தட்டுப்பட்டால் விளக்கு எரியும். தத்துவம் அவ்வளவுதான்.

'ஸ்டட் ஃபைண்டர்' என்று பெட்டியில் அச்சடித்து அதே கருவி இங்கேயும் விற்கிறது. தேடச் சொல்லும் சட்டம் நம் சுவரில் இல்லை. போடியில் சுவர் என்றால் ஒன்பது அங்குலச் செங்கல் கட்டு, குறுக்குச் சுவர் என்றால் நாலரை அங்குலம். சமீப வருடங்களில் சிமென்ட் கல்லும் ஹாலோ பிளாக்கும் வந்திருக்கின்றன. செங்கல் சுவரில் அலமாரி மாட்ட எந்தச் சட்டத்தையும் தேட வேண்டியதில்லை. நல்ல பிளக் சொருகினால் போதும், எங்கே வேண்டுமானாலும் தாங்கும். அங்கே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியவை வேறு: ஃபேஸ் ஓடும் வயர், தண்ணீர் பைப், காங்கிரீட்டுக்குள் கம்பி. அமெரிக்கர் ஸ்க்ரூ எதில் ஏற வேண்டும் என்று தேடுகிறார். நாம் எதில் ஏறிவிடக் கூடாது என்று தேடுகிறோம். அவர் கருவி தவறினால் அலமாரி சரியும். நம் கருவி தவறினால் ஆள் சரிவார்.

நான் தொழில் பழகிய காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. போடியின் பழைய வீடுகளில் வயர் சுவருக்கு வெளியே ஓடும். தேக்குப் பட்டியில் கிளிப் அடித்து ஓட்டிய வயரிங், அதற்கும் முந்தைய வீடுகளில் மரக் கேசிங். அசிங்கம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் ஆணி அடிக்கச் சுத்தியலை எடுத்தவனுக்கு வயர் கண்ணுக்கு எதிரே தெரிந்தது. பிறகு கன்சீல்டு வயரிங் வந்தது. கிரைண்டர் கட்டரால் சுவரில் காடி எடுத்து, முக்கால் அங்குலப் பிவிசி பைப்பைப் பதித்து, மேலே பூசி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துவிட்டால் சுவர் கண்ணாடி மாதிரி. அதற்குள் எது எங்கே ஓடுகிறது என்பது பதித்தவனுக்கு மட்டும் தெரியும். மறு வருடம் அவனுக்கும் மறந்திருக்கும்.

நம் பக்கத்து வழக்கம் இப்படி. மேல்தளத்துக்குச் சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்டியதும், காங்கிரீட் கொட்டும் முன் பைப்பைக் கம்பிக்கு நடுவில் படுக்கவைத்துவிடுவோம். அங்கிருந்து ஒவ்வொரு சுவிட்ச் போர்டுக்கும் சுவர் வழியாக நேராகக் கீழே ஒரு இறக்கம். அதனால் சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே தளம் வரைக்கும் உள்ள பட்டை ஆபத்தான இடம் என்பது நூற்றுக்குத் தொண்ணூறு வீட்டில் பொருந்தும். சாமி படம் மாட்ட அந்த இடத்தைத்தான் தேர்ந்தெடுப்பார்கள் என்பது வேறு கதை. போர்டுக்கு மேலே சுவர் காலியாக இருக்கிறதே.

கோளாறு இறக்கத்தில் இல்லை. வீடு முடிகிற நேரத்தில் வீட்டுக்காரர் வந்து, "இங்க ஒரு பிளக் பாயின்ட் இருந்தா நல்லாருக்குமே" என்பார். பக்கத்துப் போர்டிலிருந்து அதற்குப் பைப் இழுக்க வேண்டும். நேராகக் கீழே இறக்கி, தரையோரமாகத் திருப்பி, மறுபடி ஏற்றினால் ஒழுங்கு. குறுக்காக வெட்டினால் ஆறடி பைப் மிச்சம், அரை மணி நேரம் மிச்சம். பல பேர் குறுக்காகத்தான் வெட்டுகிறார்கள். படுக்கையறையில் கட்டிலுக்குத் தலைமாட்டில், நடுச்சுவரில், சாய்வாக ஒரு வயர் ஓடுகிறது என்று எந்தச் சாத்திரத்தை வைத்து அடுத்தவன் ஊகிப்பான்? பிரிட்டனின் வயரிங் விதியில் இதற்கு ஒரு தெளிவு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் சுவிட்ச், பிளக்கிலிருந்து நேர் மேலே, நேர் கீழே, நேர் பக்கவாட்டில் மட்டும்தான் வயர் போகலாம்; அல்லது கூரையை ஒட்டியும் சுவர் மூலையை ஒட்டியும் 150 மில்லிமீட்டர் பட்டைக்குள் போகலாம். ஐந்து சென்டிமீட்டருக்குக் குறைந்த ஆழத்தில் வயரைப் பதிப்பவர்கள் வேறு பாதுகாப்பு செய்யாவிட்டால் இந்தப் பட்டைகளுக்குள்தான் நிற்க வேண்டும், கசிவு மின்சாரத்துக்கு நிறுத்தும் சுவிட்சும் வைக்க வேண்டும். சுவரைப் பார்த்தாலே வயர் எங்கே என்று அந்நியன்கூடச் சொல்லிவிடலாம். கருவி இல்லாமலே பாதி வேலை முடிந்தது.

சரி, கருவி கையில் இருக்கிறது; அதை எப்படித்தான் பயன்படுத்துவது? இப்போது வரும் நல்ல கருவிகள் கட்டையோடு நிற்பதில்லை, உலோகத்தையும் மின்சாரம் ஓடும் வயரையும் காட்டும். பாஷ் நிறுவனத்தின் ஜிஎம்எஸ் 120 என்ற மாடலை எடுத்துக்கொண்டால், அதிகபட்சமாக இரும்பை 12 சென்டிமீட்டர் ஆழம் வரை, செம்பை 8 சென்டிமீட்டர் வரை, உயிருள்ள வயரை 5 சென்டிமீட்டர் வரை, மரத்தை 3.8 சென்டிமீட்டர் வரை காட்டும் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. நம் வீட்டுக் காடியில் வயர் ஒன்று, ஒன்றரை அங்குல ஆழத்தில் கிடக்கும். ஆகவே எட்டும் தூரம்தான். ஆனால் 'அதிகபட்சம்' என்ற சொல்லுக்குள் சுவர் காய்ந்திருக்க வேண்டும், பேட்டரி புதிதாக இருக்க வேண்டும், கை நிதானமாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் அடங்கியிருக்கிறது.

நான் அடிக்கடி பார்க்கும் கூத்து ஒன்று. ஷாக் அடிக்குமோ என்று பயந்து முதலில் மெயினை இறக்கிவிடுகிறார்கள். பிறகு கருவியைச் சுவரில் ஓட்டுகிறார்கள். கருவி அமைதியாக இருக்கிறது. இருக்காதா பின்னே? மின்சாரம் இருக்கும் வயரைச் சுற்றியுள்ள புலத்தைத்தான் அது முகர்கிறது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு மின்சாரம் எங்கே என்று கேட்டால் அது என்ன சொல்லும்? செம்பைக் காட்டும் வசதி இருந்தால் உலோகம் என்று ஏதாவது முனகும். மலிவான கருவி அதுவும் செய்யாது. தேடும்போது மெயின் மேலே இருக்க வேண்டும். துளைக்கும்போது கீழே இருக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் கருவி வாங்கிய காசு தண்டம். அந்தச் சுவரில் உள்ள லைட், ஃபேன் சுவிட்ச் எல்லாவற்றையும் போட்டுவிட்டுத் தேடுங்கள். சுவிட்ச் அணைந்திருந்தால் அதிலிருந்து லைட்டுக்குப் போகும் வயரில் மின்சாரம் இருக்காது; கருவிக்கு அது செத்த வயர். ராத்திரி யாரோ சுவிட்சைத் தட்டினால் உயிர் வந்துவிடும்.

ஓட்டும் முறையிலும் சிலது உண்டு. எடுத்தவுடன் சந்தேகமான இடத்தில் வைக்காதீர்கள். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே, வயர் இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். அங்கேயே கத்தாத கருவி வேறெங்கும் கத்தாது. அதைப் பெட்டியில் போட்டுவிடலாம். மோதிரம், கடிகாரம் கழற்றுங்கள். இடமிருந்து வலமாக மெதுவாக ஓட்டி எங்கே கத்தத் தொடங்குகிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு, திரும்பி வலமிருந்து வந்து ஒரு கோடு. வயர் இரண்டுக்கும் நடுவில். சில சமயம் இரண்டடி அகலத்துக்குச் சுவர் முழுவதும் கத்தும். சுவரில் நிலைமின்சாரம் ஏறியிருக்கும். கருவிக்குப் பக்கத்தில் இன்னொரு உள்ளங்கையைச் சுவரில் பதித்து வைத்துக்கொண்டு மறுபடி ஓட்டினால் பரப்பு சுருங்கும். சொன்னால் நம்ப மாட்டார்கள், மாந்திரீகம் என்பார்கள். கருவியோடு வரும் தாளிலேயே இது அச்சாகியிருக்கிறது. அந்தத் தாளைப் படித்த வீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஜன்னல் திரைக்குக் கம்பி மாட்டும்போது வரும் குழப்பம் தனி. ஜன்னலுக்கு மேலே ஏழடி உயரத்தில் லிண்டல் காங்கிரீட் ஓடுகிறது. திரைக் கம்பியின் கொக்கி சரியாக அங்கேதான் வரும். லிண்டலுக்குள் முறுக்குக் கம்பி நீளமாகப் படுத்திருப்பதால் கருவி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை உலோகம், உலோகம் என்று கத்தும். அதற்கு நடுவில் செம்பு வயர் ஒன்று ஓடினால் பிரித்துச் சொல்ல மலிவான கருவிக்கு வழியில்லை. தூணிலும், தளத்திலும் இதே கதை. ஃபால்ஸ் சீலிங் மாட்ட வருகிறவர்கள் தளத்தில் சரமாரியாகத் துளை போடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். மொத்த வீட்டின் பைப்பும் அங்கேதான் படுத்திருக்கிறது. பாத்ரூம் சுவரில் வேறு தொல்லை. சிபிவிசி பைப் பிளாஸ்டிக், அதைப் பல கருவிகள் கண்டுகொள்ளாது.

துளைக்கும்போது முதல் ஒரு சென்டிமீட்டரை ஹேமர் இல்லாமல் மெதுவாகப் போடுங்கள். பிட்டில் டேப் சுற்றி ஆழத்துக்கு எல்லை வையுங்கள். எட்டு எம்எம் பிட் போதும் என்றால் பத்தைத் தேடாதீர்கள். (எட்டு எம்எம் என்று கடையில் கேட்டபோது பக்கத்தில் நின்ற ஏல வியாபாரி ஒருவர், "என்ன விலைக்கு எடுக்கிறீங்க?" என்றார். போடியில் அது பருமனான ஏலக்காயின் தரம்.) மெஷினின் உறையில் சதுரத்துக்குள் சதுரம் என்ற குறி இருந்தால் இரட்டைக் காப்பு, கைப்பிடி பாதுகாப்பானது. ஆனால் பிட்டும் சக்கும் வயரில் பட்டால் உயிர் பெறும். பிளாஸ்டிக் கைப்பிடியைத் தவிர வேறெங்கும் கை போகக் கூடாது. மெயினை இறக்கிவிட்டதால் பேட்டரி டிரில் வேண்டும்; இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் ஒரு கேபிள் கடன்.

மெயினை இறக்கினால் எல்லாம் செத்துவிட்டதா? இங்கேதான் தமிழ்நாட்டு வீட்டுக்கே உரிய கண்ணி இருக்கிறது. இன்வெர்ட்டர். மெயின் விழுந்ததும் அது விழித்துக்கொள்ளும். இரண்டு ஃபேன், நாலு லைட், ஒரு பிளக்குக்குப் போகும் வயரில் அதே 230 வோல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். துளை போட வந்த பையன் டிபி பாக்ஸில் மெயினைத் தட்டிவிட்டு, "கரன்ட் ஆஃப் பண்ணியாச்சுண்ணே" என்பான். தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும். இன்வெர்ட்டரையும் அணைத்து, பிறகு டெஸ்டர் வைத்துப் பார்த்துத்தான் கை வைக்க வேண்டும். கருவி விற்கும் வெளிநாட்டு நிறுவனத்தின் தாளில் இதை எதிர்பார்க்க முடியாது. அவர்கள் ஊரில் ஒரு நாளைக்கு நாலு தடவை கரன்ட் போகாது.

முந்தல் தாண்டி மலை ஏறினால் பாடம் மாறுகிறது. காலையில் போடியிலிருந்து தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பில் தொற்றிக்கொண்டு போடிமெட்டு, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் நான் வேலைக்குப் போவதுண்டு. சோதனைச்சாவடிக்கு அந்தப்புறம் கேரளா; இ.பி. இல்லை, கேஎஸ்இபி. மின்சாரம் மட்டும் அதே 230 வோல்ட். அங்கே தோட்டத் தொழிலாளர் லயங்களில் கருங்கல் சுவர், மண் சுவர், பலகைச் சுவர், தகரச் சுவர் எல்லாம் உண்டு. ஒரே லயத்தில் நாலும் உண்டு. ஜூன் தொடங்கினால் சாரலும் மூடுபனியும் விடாது. சுவரைத் தொட்டால் கை ஈரமாகும். ஈரச் சுவரில் மின்புலம் பரவிப்போகும், அல்லது மறைந்துபோகும். கீழே சித்திரை வெயிலில் காய்ந்த போடிச் சுவரில் ஒழுங்காகப் பேசிய அதே கருவி, மேலே ஆடி மாதத்தில் ஒன்று ஓயாமல் கத்தும், அல்லது வாயே திறக்காது. இரண்டும் ஒன்றுதான்.

தகரச் சுவரில் கருவியை எடுக்கவே வேண்டாம். சுவரே உலோகம். அங்கே பயப்பட வேண்டியது துளைக்கும் பிட்டுக்கு மட்டுமல்ல. தகரத்தில் ஓட்டை போட்டு வயரை அப்படியே நுழைத்துவிட்டிருப்பார்கள், ரப்பர் புஷ் கிடையாது. காற்று அடிக்க அடிக்கத் தகரத்தின் விளிம்பு வயரின் தோலை அறுக்கும். ஒரு நாள் செம்பு தகரத்தைத் தொடும். அப்போது சுவர் முழுவதும் ஃபேஸ். நனைந்த துணியைக் காயப்போட வருகிற பெண்ணின் கைதான் முதலில் அதைக் கண்டுபிடிக்கும். பத்து ரூபாய் புஷ்ஷும், ஒரு முழம் பைப்பும் செய்கிற வேலையை எந்த டிடெக்டரும் செய்யாது.

எர்த் இருக்கிறதே, அது காப்பாற்றாதா என்று ஒரு கங்காணி கேட்டார். நியாயமான கேள்வி. கீழே போடியில் கரியும் உப்பும் போட்டு எர்த் குழி தோண்டினால் ஓரளவு ஈரமண் கிடைக்கும். மலைச்சரிவில் ஒன்றரை அடிக்குக் கீழே பாறை. எர்த்தின் தடை 50 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டில் அதன் வழியே போகக்கூடியது ஐந்து ஆம்பியருக்கும் குறைவு. 16 ஆம்பியர் எம்சிபி அதைச் சாதாரண லோடு என்று நினைத்துப் பேசாமல் இருக்கும். எம்சிபி இருப்பது வயர் எரியாமல் இருக்க. ஆளைக் காப்பாற்ற இருப்பது ஆர்சிசிபி, பழைய பெயரில் இஎல்சிபி. போன மின்சாரம் முழுவதும் திரும்பி வருகிறதா என்று அது கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லிஆம்பியர் கணக்கில் உதைத்தால், கண் இமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும்.

மத்திய மின்சார ஆணையத்தின் 2010ஆம் ஆண்டுப் பாதுகாப்பு விதிகளிலேயே இந்தக் கசிவுப் பாதுகாப்பு இருக்கிறது. 2023இல் வந்த புதிய விதிகளிலும் இருக்கிறது. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையமும் இதைக் கட்டாயமாக்கியது. புது வீடுகளில் இணைப்பு வாங்க மாட்டுகிறார்கள். மழைக்காலத்தில் இரண்டு தடவை டிரிப் ஆனதும், "இது தொல்லை, எடுத்துட்டு நேரா குடுத்துருங்க" என்கிறார்கள். எடுத்துத் தருகிறவர்களும் இருக்கிறார்கள். டிரிப் ஆகிறது என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவைத் தேடாமல் சொல்லியவனை வெளியே தள்ளுகிறோம்.

அப்படி ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். மேலச்சொக்கநாதபுரம் பக்கம். சமையலறையில் தட்டு அடுக்கும் ஸ்டீல் ஸ்டாண்டைத் தொட்டால் சுர்ரென்கிறது என்று அந்த அக்கா சொன்னார். "எப்ப இருந்துக்கா?" "ஐப்பசி மழைக்கு அப்புறந்தான் தம்பி. மாட்டி ஆறு மாசமாச்சு, அதுவரைக்கும் ஒண்ணுமில்ல." ஸ்டாண்டு மாட்டிய ஸ்க்ரூக்களில் ஒன்று மிக்ஸி பாயின்ட்டுக்குப் போகும் ஃபேஸ் வயரின் தோலைச் சீவிக்கொண்டு நின்றது. மாட்டிய அன்று பொறி பறக்கவில்லை, எம்சிபி விழவில்லை. கோடையில் காய்ந்த சுவர், காலில் செருப்பு, சுற்று முடியவில்லை. மழை இறங்கிச் சுவர் நனைந்ததும் முடிந்தது. அந்த வீட்டில் ஆர்சிசிபி கழற்றப்பட்டிருந்தது. ஸ்டாண்டு மாட்ட வந்த பையன் கருவி வைத்துப் பார்த்தானா என்று கேட்டேன். பார்த்தானாம். கத்தவில்லையாம். அன்றைக்கு ஊர் முழுக்கக் கரன்ட் இல்லையாம்.

மலையில் கருவி சரியாகப் பொருந்தும் சுவரும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். மூணாறு சாலை அகலமான பிறகு சின்னக்கானல், சூரியநெல்லிப் பக்கம் தங்கும் விடுதிகள் கூடிவிட்டன. பல இடங்களில் அறைத் தடுப்பு ஜிப்சம் பலகை அல்லது சிமென்ட் பலகை; பின்னால் ஜி.ஐ. சட்டம். அமெரிக்கச் சுவரின் தம்பி. அங்கே டிவி மாட்டுகிறவர் சட்டத்தைத் தேடியே ஆக வேண்டும். கருவி அழகாகச் சட்டத்தைக் காட்டும். ஆனால் அதே சட்டத்தின் ஓட்டை வழியாகத்தான் வயரையும் இழுத்திருப்பார்கள். சட்டம் கிடைத்த சந்தோஷத்தில் நீளமான ஸ்க்ரூவை ஏற்றினால் சட்டத்தோடு வயரும் மாட்டும். ஸ்க்ரூவின் நீளத்தைப் பலகையின் தடிமனோடு ஒப்பிட்டு, தேவைக்கு மேல் கால் அங்குலம் கூடப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது அங்கே.

இவ்வளவு நிபந்தனை போட்ட பிறகும் கருவி சொல்வது 'இங்கே இருக்கலாம்' என்ற ஊகம்தான். போட்டோ அப்படி அல்ல. பைப் பதித்து முடிந்து கொத்தனார் பூச்சுக்கு வரும் முன்பு ஒரு நாள் சுவர் திறந்து கிடக்கும். அன்றைக்கு ஒவ்வொரு சுவரையும் நேராக நின்று ஒரு படம் எடுக்க வேண்டும். சுவர் மூலையிலிருந்தும் தரையிலிருந்தும் டேப்பைப் பிடித்து, அளவு தெரியும்படி எடுத்தால் இன்னும் நல்லது. தளத்துக்குக் காங்கிரீட் கொட்டும் முன் சென்ட்ரிங் மேல் ஏறி அதே மாதிரி. இன்று சித்தாளின் இடுப்பிலும் கேமரா போன் இருக்கிறது. செலவு ஒன்றும் இல்லை.

ஏன் செய்வதில்லை? வீட்டுக்காரர் அந்த நாளில் டைல்ஸ் கலர் பார்க்க மதுரைக்குப் போயிருப்பார். காண்டிராக்டருக்குக் குறுக்கு வெட்டு வெளியே தெரிவதில் விருப்பமில்லை. எங்கள் ஆட்களில் சிலருக்கோ, வரைபடம் கொடுத்துவிட்டால் அடுத்த வேலைக்கு வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது, ஏற்கவில்லை. வீடு அவருடையது, சுவர் அவருடையது, சுவருக்குள் கிடப்பதும் அவருடையது. புது இணைப்புக்கு விண்ணப்பிக்கும்போது வயரிங் முடித்ததற்கான டெஸ்ட் ரிப்போர்ட்டில் லைசென்ஸ் உள்ளவர் கையெழுத்துப் போடுகிறார். அதோடு இந்தப் படங்களின் நகல் வீட்டுக்காரர் கைக்குப் போயிற்று என்று ஒரு வரி சேர்த்து, அவரிடமும் கையெழுத்து வாங்கச் சொன்னால் போதும். அந்த ஒரு வரி வந்தால் குறுக்காக வெட்டும் வழக்கம் தானாகக் குறையும், படத்தில் தெரியுமே. வாரியமோ ஒழுங்குமுறை ஆணையமோ இதைச் செய்ய புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை, படிவத்தில் இரண்டு அங்குலம் இடம் வேண்டும்.

ஏற்கெனவே கட்டி முடித்த வீடுகளுக்கு? அங்கேதான் கருவிக்கு வேலை. நிதானமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுவர் காய்ந்த மாசி பங்குனியில், எல்லா சுவிட்சையும் போட்டுவிட்டு ஒவ்வொரு அறையாக ஓட்டி, கத்துகிற இடத்தையெல்லாம் ஒரு நோட்டில் வரைந்துவைக்கலாம். ஆணி அடிக்கிற அவசரத்தில் தேடுவதைவிட இது மேல்.

சுப்புராஜ் நகரில் ஒரு வீடு. இன்ஜினீயரிங் படிக்கும் மகள், வீடு கட்டும்போதே சுவர் சுவராகப் படம் எடுத்து, அளவு எழுதி, பிரிண்ட் போட்டு, டிபி பாக்ஸ் கதவின் உட்புறம் ஒட்டி வைத்திருந்தாள். தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி மாட்ட என்னைக் கூப்பிட்டார்கள். தாளைப் பார்த்து இடத்தைக் குறித்தேன். பிறகு டிடெக்டரையும் ஓட்டினேன். "அதான் பேப்பர்ல இருக்கே அண்ணே, எதுக்கு மறுபடி?" என்றாள். தாளில் காலியாக இருந்த இடத்தில் கருவி கத்தியது. விசாரித்தால், வீடு குடிபோன பிறகு இன்வெர்ட்டருக்கு யாரோ வந்து தனி லைன் இழுத்திருக்கிறார்கள். அவளிடம் பேனா வாங்கி அந்த லைனைத் தாளில் வரைந்து தேதியும் போட்டோம். மெயினை இறக்கி, இன்வெர்ட்டரை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்து, ஐந்து அங்குலம் தள்ளித் துளை போட்டேன்.